சொந்த டொமைன் இல்லாத தளம்: டைரக்டரியில் எங்கே இடிக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் ஒருவர், கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்ஸ்பாட்டில் தளம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுக்கன்று வகைகள், நடவுப் பருவம், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கின்றன. தளங்களைத் துறைவாரியாகவும் ஊர்வாரியாகவும் பட்டியலிடும் இணைய டைரக்டரி ஒன்றில் படிவத்தை நிரப்பி, முகவரியைக் கொடுத்து அனுப்புகிறார். ‘இந்தத் தளம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று பதில் வருகிறது. அவர் அந்த டைரக்டரிக்கு வருவதே இதுதான் முதல் தடவை. வேறு யாராவது சேர்த்துவிட்டார்களா என்று தேடினால், பட்டியலில் சந்தூரும் இல்லை, நர்சரியும் இல்லை.

டைரக்டரியின் மென்பொருள் அவருடைய முகவரியை முழுசாகப் படிக்கவில்லை. கடைசி இரண்டு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு துண்டு, பிளாக்ஸ்பாட் டாட் காம். எங்கோ ஒரு சமையல் வலைப்பூ அதே வாலோடு முன்பே பதிவாகியிருக்கிறது. மென்பொருளுக்கு இரண்டும் ஒரே தளம்.

டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘காம்’ மேல்மட்டம். அதற்கு இடப்பக்கம் உள்ள ‘பிளாக்ஸ்பாட்’ கூகுள் காசு கொடுத்துப் பதிந்து வைத்திருக்கும் பெயர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதுதான் கூகுள் நமக்குச் சும்மா கொடுத்த பெயர். சாதாரண டாட் காம் தளத்துக்குக் கடைசி இரண்டு துண்டைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும். ஆனால் ‘கோ டாட் இன்’ என்று முடியும் இந்திய நிறுவன முகவரிக்கே இந்தக் கணக்கு உதவாது. அங்கே மூன்று துண்டு பார்க்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லத்தான் பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் என்ற பட்டியல் இருக்கிறது. மொசில்லாவின் முயற்சியில் தொடங்கி, தன்னார்வலர்கள் பராமரிப்பது. ஒரு தளம் பிரவுசரில் வைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பைப் பக்கத்துத் தளம் படித்துவிடக் கூடாது என்பதற்காக பிரவுசர்களுக்கு எழுதப்பட்டது. இப்போது பல வேலைகளுக்கும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் டாட் இன், கோ டாட் இன் போன்ற பதிவகப் பின்னொட்டுகள். இரண்டாவதில், ‘எங்கள் பெயருக்குக் கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள்’ என்று நிறுவனங்களே முன்வந்து சேர்க்கச் சொன்ன பெயர்கள். பிளாக்ஸ்பாட் டாட் காம், கிட்ஹப் பேஜஸ் என்ற இலவசத் தளச் சேவையின் கிட்ஹப் டாட் ஐஓ இரண்டும் இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை. பட்டியலை முழுசாகப் பயன்படுத்தும் டைரக்டரியில் நர்சரிக்காரரின் தளம் தனித்தளமாகவே தெரியும். முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டதிலும், பட்டியலே இல்லாமல் வாலை வெட்டுவதிலும்தான் ‘ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ வரும். படிவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பி இதைச் சரிசெய்ய முடியாது. தொடர்பு மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுத வேண்டும்: முகவரி இது, இதே சேவையில் உள்ள இன்னொரு தளத்தோடு மோதுகிறது, கையால் சேர்க்க முடியுமா. ஆள் வைத்து நடத்தும் டைரக்டரி என்றால் பெரும்பாலும் இது போதும். ஆளே இல்லாத டைரக்டரி என்றால் அதில் இடம் கிடைத்தும் பயனில்லை.

கூகுள் சைட்ஸில் செய்த தளத்துக்கு நிலைமை இதைவிட மோசம். பிளாக்ஸ்பாட்டில் நம் பெயர் முன்னால் வருகிறது. சைட்ஸில் சாய்கோட்டுக்குப் பின்னால் வருகிறது. அதாவது சைட்ஸ் டாட் கூகுள் டாட் காம் என்ற ஒரே வீட்டுக்குள் நமக்கு ஓர் அறை. எந்தப் பின்னொட்டுப் பட்டியலும் சாய்கோட்டுக்குப் பின்னால் பார்க்காது. ‘முகப்புப் பக்கம் மட்டும், உள்பக்கம் கூடாது’ என்று விதி வைத்திருக்கும் டைரக்டரி, சைட்ஸ் முகவரியை உள்பக்கம் என்றே கணக்குப் போடும். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இதே கதி. இனிமேல்தான் தளம் தொடங்கப்போகிறோம், காசும் செலவழிக்க முடியாது என்றால், நம் பெயர் முகவரியின் முன்னால் வரும் சேவையையே எடுக்க வேண்டும்.

துணைப்பெயர் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத் தளங்கள் இரண்டும் என்ஐசி டாட் இன் என்ற பெயருக்குக் கீழே இருப்பவைதான். அவற்றை யாரும் தள்ளுவதில்லை. பெயரைக் கொடுத்தவர் யார், எவ்வளவு நாள் கொடுத்திருக்கிறார் என்பதைத்தான் எடிட்டர்கள், அதாவது டைரக்டரியில் தளங்களைப் பார்த்துச் சேர்ப்பவர்கள், பார்க்கிறார்கள்.

பழைய காயங்கள்

எடிட்டர்களின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 1994ல் தொடங்கிய ஜியோசிட்டிஸ் என்ற இலவசத் தளச் சேவையை 1999ல் யாகூ வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. அதில் இருந்த தளங்களின் முகவரிகள் எல்லா டைரக்டரியிலும் பரவிக் கிடந்தன. ஒரே நாளில் அத்தனையும் செத்த இணைப்புகள். நெட்ஸ்கேப் வாங்கி நடத்திய ஓப்பன் டைரக்டரி, அதாவது டிமாஸ், 1998ல் தொடங்கித் தன்னார்வ எடிட்டர்களால் நடந்தது. இலவச இடத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தளத்தை அது தள்ளியதில்லை, உள்ளடக்கத்தைத்தான் பார்த்தது. அந்தத் தாராளத்துக்கு விலை, செத்த இணைப்புகளைத் தோண்டித் தோண்டி எடுக்கும் வேலை. யாகூ டைரக்டரி வேறு வழியில் போனது. வணிகத் தளம் என்றால் பரிசீலனைக்கே ஆண்டுக்கு 299 டாலர் கேட்டது. 299 டாலர் கட்டுகிறவர் டொமைன் இல்லாமல் வருவாரா?

யாகூ டைரக்டரி 2014 கடைசியில் மூடப்பட்டது. டிமாஸ் 2017 மார்ச்சில் நின்றது. அதன் எடிட்டர்கள் சிலர் அதே தரவை வைத்துக்கொண்டு கர்லி என்ற பெயரில் தொடர்கிறார்கள்.

இலவச டொமைன் என்ற குறுக்கு வழியும் ஒன்று இருந்தது. ஃப்ரீநாம் நிறுவனம் டாட் டிகே, டாட் எம்எல் போன்ற பின்னொட்டுகளில் காசில்லாமல் பெயர் கொடுத்தது. டாட் டிகே என்பது டோகெலாவ் என்ற, ஓர் ஊராட்சி அளவுகூட ஆள் இல்லாத பசிபிக் தீவுக்கூட்டத்தின் பின்னொட்டு. மோசடித் தளங்கள் அதில் குவிந்ததால் டைரக்டரிகள் பின்னொட்டையே மொத்தமாகத் தடுத்துவைத்தன. 2023ல் புதுப் பதிவுகள் நின்றன, 2024ல் நிறுவனம் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. இலவச டொமைனைவிட பிளாக்ஸ்பாட் துணைப்பெயர் எவ்வளவோ மேல்.

நம் பக்கத்துக் கடைகளுக்கு நேரடியாக விழுந்த அடி 2024ல். கூகுள் பிசினஸ் கணக்கு வைத்திருந்தவர்களுக்குக் கூகுளே ஒரு பக்கத் தளம் செய்து கொடுத்தது. முகவரி ‘பிசினஸ் டாட் சைட்’ என்று முடியும். ஒகேனக்கல் லாட்ஜ், பர்கூர் ஜவுளிக்கடை, ஓசூர் ஒர்க்‌ஷாப் என்று எந்தத் தொழிலுக்கும் பத்து நிமிடத்தில் தளம் தயார். 2024 மார்ச்சில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். ஜூன் 10 வரை பழைய முகவரி மேப் பக்கத்துக்குத் திருப்பி விட்டது. பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் டைரக்டரியிலும் அந்த முகவரி இன்னும் இருந்தால் அது எங்கேயும் போகாது. முதலில் அதைத் தேடி மாற்ற வேண்டும்.

டாட் இன் என்ற கண்ணி

தமிழ் வலைப்பூக்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதைத் தெரியாதவர்கள்தான் அதிகம்.

2012ல் கூகுள், பிளாக்ஸ்பாட் வாசகர்களை நாட்டுவாரியாகத் திருப்பிவிடத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து பார்த்தால் ‘பிளாக்ஸ்பாட் டாட் காம்’ தானாகவே ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ ஆகிவிடும். ஒரு நாட்டின் சட்டப்படி நீக்கச் சொன்ன பக்கத்தை அந்த நாட்டில் மட்டும் மறைப்பதற்கான ஏற்பாடு அது. தருமபுரியில் உட்கார்ந்து தன் தளத்தைத் திறந்து, மேலே தெரிந்த முகவரியை காப்பி செய்து டைரக்டரிப் படிவத்தில் ஒட்டியவர் எல்லாரும் டாட் இன் முகவரியைத்தான் கொடுத்தார்கள். 2018ல் கூகுள் இந்தத் திருப்பலை நிறுத்தியது. 2020ல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரே கூகுளின் கையை விட்டுப் போய் வேறொருவர் பெயரில் பதிவானது. அன்றிலிருந்து டாட் இன் என்று பதிந்த அத்தனை தமிழ்த் தளங்களின் இணைப்பும் அறுந்துவிட்டது. தளம் டாட் காமில் நன்றாகவே இருக்கிறது. டைரக்டரியில் மட்டும் செத்துக் கிடக்கிறது.

2012க்கும் 2018க்கும் இடையில் எங்கேயாவது பதிந்திருந்தால், தளத்தின் பெயரோடு டாட் இன் வாலைச் சேர்த்துத் தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்த இடத்தில் எல்லாம் ‘முகவரி திருத்தம்’ கேட்க வேண்டும். புதுப் பதிவாகப் போட்டால் பழையதோடு மோதும்.

முகவரியை காப்பி செய்வதில் இன்னும் இரண்டு தவறு சகஜம். செல்போனில் திறந்தால் பிளாக்கர் (பிளாக்ஸ்பாட் தளங்களை நடத்தும் கூகுள் சேவை) முகவரியின் வாலில் கேள்விக்குறியும் ‘எம்=1’ என்பதும் ஒட்டிக்கொள்ளும். அதோடு பதிந்தால் மொபைல் வடிவம்தான் தளத்தின் முகவரியாக நிற்கும். மற்றது, பழக்கதோஷத்தில் முன்னால் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்ப்பது. பிளாக்ஸ்பாட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் வைல்டுகார்டு வகை. அது ஒரு படிக்கு மட்டுமே செல்லும். நம் பெயருக்கு முன்னால் இன்னொரு படி சேர்த்தால் சான்றிதழ் பொருந்தாமல் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். எடிட்டர் அங்கேயே மூடிவிட்டுப் போவார். எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி, நம் பெயர், பிளாக்ஸ்பாட், காம், ஒரு சாய்கோடு. இவ்வளவுதான் கொடுக்க வேண்டிய முகவரி.

பிளாக்கரில் லேபிள் பக்கத்தைப் பதிவதும் வீண். ‘நடுகல்’ என்ற லேபிளை அழுத்தினால் வரும் பக்கத்தின் முகவரியில் ‘சர்ச்’ என்ற சொல் இருக்கும். பிளாக்கரின் ரோபாட்ஸ் கோப்பு, இயல்பாகவே ‘சர்ச்’ என்று தொடங்கும் எல்லாப் பக்கங்களையும் தேடுபொறிகளுக்குத் தடுத்து வைத்திருக்கிறது. குறிப்பிட்ட தலைப்புக்குத் தனிமுகவரி வேண்டுமானால் லேபிளை விட்டு, ‘பக்கங்கள்’ பகுதியில் நிலைப்பக்கம் ஒன்று செய்து, அதில் பதிவுகளுக்கு இணைப்பு கொடுப்பதுதான் வழி.

தமிழ் எழுத்து எத்தனை இடம் பிடிக்கும்

‘கிருஷ்ணகிரி’ என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி என்பதால் 11 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக 33 பைட். அதே பெயர் ஆங்கில எழுத்தில் 11 பைட்தான். விளக்கப் பெட்டிக்கு 255 பைட் வரம்பு வைத்திருக்கும் பழைய மென்பொருளில் தமிழுக்கு 85 குறியீடுதான் கிடைக்கும். அதைத் தாண்டினால் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டு, கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். தமிழில் எழுதியதை அனுப்புமுன் முதல் வாக்கியம் தனியாக நின்றாலும் பொருள் தருமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெட்டுப்பட்டாலும் அது மிஞ்சும்.

முகவரியில் இது இன்னும் கூத்து. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழிலேயே அமையும். அதை காப்பி செய்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கிருஷ்ணகிரி’ என்ற ஒரு சொல் மட்டும் 99 எழுத்து. முழுத் தலைப்பு என்றால் படிவம் ஏற்காது. பிளாக்கரில் நேர்மாறு: தமிழை அது எடுத்துக்கொள்வதே இல்லை, ‘பிளாக்-போஸ்ட்’ என்றும் பின்னால் ஓர் எண்ணும் போட்டுவிடும். இரண்டிலுமே, வெளியிடுவதற்கு முன்பு முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லை நாமே கொடுத்துவிட வேண்டும். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்பு முறியக்கூடும்.

இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டிஸ்கி, டேப் எழுத்துருக்களில் கிடக்கும் பழைய தளங்கள் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத எடிட்டருக்கு முகப்பே கிறுக்கலாகத் தெரியும். தமிழ் தெரிந்த எடிட்டரே வந்தாலும் அதைப் படிக்க மாட்டார். யூனிகோடுக்கு மாற்றாமல் எங்கேயும் பதிய வேண்டாம்.

எடிட்டர் பார்க்கும் அரை நிமிடம்

முகப்பைத் திறந்ததும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். இது யாருடையது, எந்த ஊர், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள். சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கு இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மன்னிப்பு உண்டு. நமக்கு இல்லை. நிலைப்பக்கம் ஒன்றில் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு, போன் போட வேண்டும். தரைவழி எண் இருந்தால் 04342, 04343, 04344 என்ற எஸ்டிடி குறியோடு போடுவது நல்லது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளைச் சொல்லும் குறிகள் அவை, ஊரைச் சொல்லும் சாட்சியும் கூட. பல டைரக்டரிகள் டொமைன் பெயரிலேயே மின்னஞ்சல் கேட்கும். நம்மிடம் ஜிமெயில்தான் இருக்கும். படிவத்தில் கொடுக்கும் அதே ஜிமெயிலைத் தொடர்புப் பக்கத்திலும் போட்டுவைத்தால் எடிட்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

பத்துப் பதிவாவது சொந்தமாக எழுதியது இருக்கட்டும். இது எந்த டைரக்டரியின் விதியும் அல்ல; இரண்டு பதிவோடு நிற்கும் இலவசத் தளத்தை எடிட்டர் கைவிடப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார் என்பதால் சொல்வது. செய்தித்தாளிலிருந்து எடுத்து ஒட்டியது கணக்கில் வராது. பாப்அப் விளம்பரம், தானாகப் பாடும் பாட்டு, ஓடும் எழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டம் தானே போடும் விளம்பரத்தை நாம் எடுக்க முடியாது. அது எடிட்டர்களுக்கும் தெரியும், பொறுத்துக்கொள்வார்கள்.

அமைப்பில் இரண்டு பூட்டு உண்டு. பிளாக்கர் அமைப்புகளில் ‘தேடுபொறிகளுக்குத் தெரியும்படி’ என்ற பொத்தான் திறந்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காமில் புதுத் தளம், நாம் ‘லாஞ்ச்’ அழுத்தும்வரை ‘விரைவில்’ என்ற பலகையைத்தான் வெளியாருக்குக் காட்டும். நமக்கு மட்டும் உள்ளே நுழைந்த கணக்கில் எல்லாம் சரியாகத் தெரிந்துகொண்டிருக்கும். வேறொருவர் செல்போனில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

‘இந்தத் தளம் உங்களுடையதுதான் என்று நிரூபியுங்கள்’ என்று கேட்டால் என்ன செய்வது? டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனுக்கான பெயர்ப் பதிவில், ஒரு வரி சேர்க்கச் சொன்னால் முடியாது. டொமைன் நம்முடையது அல்ல. ரூட்டில், அதாவது தளத்தின் முதல் அடுக்கில், கோப்பு வைக்கச் சொன்னால் கிட்ஹப் பேஜஸில் முடியும், பிளாக்கரில் முடியாது. பிளாக்கரில் முடிவது மெட்டா டேக், அதாவது பக்கத்தின் நிரலில் சேர்க்கும் அடையாள வரி மட்டும். தீம் பகுதியில் முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டு, எடிட் எச்டிஎம்எல் போய், ‘ஹெட்’ என்ற திறப்புக்கு அடுத்த வரியில் ஒட்ட வேண்டும். சேமிக்கும்போது பிழை வந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பிளாக்கர் தீம் எக்ஸ்எம்எல் முறையில் எழுதப்பட்டது, டேக்கின் கடைசிக் கோண அடைப்புக்கு முன்னால் ஒரு சாய்கோடு இல்லாவிட்டால் ஏற்காது. டைரக்டரி கொடுக்கும் துண்டில் அந்தச் சாய்கோடு பெரும்பாலும் இருக்காது. நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் தளத்தில் கூகுள், பிங் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் பெட்டி உண்டு. மற்ற டைரக்டரிகளுக்கு வழியில்லை. கூகுள் சர்ச் கன்சோலில் பதியும்போது ‘டொமைன்’ என்ற வகையை எடுக்காமல் ‘யூஆர்எல் பிரிஃபிக்ஸ்’ வகையை எடுக்க வேண்டும் என்பதும் டொமைன் நம்முடையது அல்ல என்பதால்தான்.

எந்த அலமாரியில் வைப்பது

‘கிருஷ்ணகிரியின் நம்பர் ஒன் நர்சரி! தரமான கன்றுகள், குறைந்த விலை, உடனே அழையுங்கள்!’ படிவத்தின் விளக்கப் பெட்டியில் இப்படி எழுதினால் கடைசி வரிசைக்குத்தான் போகும். ‘போச்சம்பள்ளி வட்டம் சந்தூரில் உள்ள மாங்கன்று நர்சரி. பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா ஒட்டுக்கன்றுகளின் விவரம், நடவு இடைவெளி, பருவம், வெளியூருக்கு அனுப்பும் முறை ஆகியவை தமிழில்.’ இது எடிட்டர் கை வைக்காமல் போடக்கூடியது. விளக்கத்துக்கு 25, 30 சொல் என்பது ஆங்கிலத்துக்கான அளவு; தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 20 சொல்லில் அதே விஷயம் அடங்கிவிடும். தலைப்பில் தளத்தின் பெயர் மட்டும். டைரக்டரியில் தமிழ்ப் பிரிவு இல்லாவிட்டால் அதே விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, தளம் தமிழில் உள்ளது என்று கடைசியில் சேர்க்க வேண்டும்.

ஊர்ப்பிரிவுதான் நம் பக்கத்தில் அதிகம் சறுக்கும் இடம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் அமைந்த டைரக்டரிகளில் ஓசூரும் பர்கூரும் இன்னும் தருமபுரிக்குக் கீழேயே கிடக்கும். அங்கே ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்ற பிரிவைத் தேடி அலையாமல், இருக்கும் இடத்தில் பதிந்து, மாவட்டத்தை விளக்கத்தில் சொல்லிவிடலாம். பெயர்க் குழப்பம் அதைவிடப் பெரிது. தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் ஒரு தர்மபுரி இருக்கிறது. வயநாட்டில் ஒரு கிருஷ்ணகிரி இருக்கிறது. போச்சம்பள்ளி என்றால் வெளியாட்களுக்கு இக்கத் புடவை நெய்யும் தெலங்கானா ஊர்தான் நினைவுக்கு வரும். நம் சந்தை ஊர் அல்ல. காவேரிப்பட்டணத்தைப் பூம்புகாரோடு சேர்த்துவிடுவார்கள், பாலக்கோட்டைப் பாலக்காட்டோடு சேர்த்துவிடுவார்கள். எனவே ஊர்ப் பெயரைத் தனியாக விடவே கூடாது. வட்டம், மாவட்டம், தமிழ்நாடு, பின்கோடு நான்கும் கூடவே போக வேண்டும்.

அரூர், ஓசூர், ஒகேனக்கல் மூன்றையும் தமிழில் உயிரெழுத்தில் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் மூன்றும் ‘எச்’சில் தொடங்குகின்றன. அகர வரிசையில் தேடுபவர் இதை அறியாமல் தவறவிடுவார். தருமபுரி, தர்மபுரி என்ற இரண்டு எழுத்துமுறையும் தளத்தில் ஒரு தடவையாவது வந்துவிடட்டும்.

எங்கே பதிவது மதிப்பு? பொது டைரக்டரிகளில் கர்லி ஒன்றைத்தான் பொருட்படுத்தலாம். காசு கேட்பதில்லை, ஆள் பார்த்துச் சேர்க்கிறது, எனவே தாமதமாகும். மறுபடி மறுபடி அனுப்பினால் வேகம் கூடாது. அனுப்பிய தேதி, பிரிவு, முகவரி, மின்னஞ்சல் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். கடை, தொழில் என்றால் கூகுள் பிசினஸ் கணக்கின் ‘வெப்சைட்’ பெட்டியில் பிளாக்ஸ்பாட் முகவரியைத் தயங்காமல் போடலாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் கடையைக் குறித்து அதே முகவரியைச் சேர்க்கலாம். விளம்பர வாசகம் மட்டும் கூடாது. எல்லா இடத்திலும் பெயர், முகவரி, போன் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

வணிகம் இல்லாத தளத்துக்கு வழி வேறு. நடுகல் படம் எடுத்துப் போடுபவர், மல்லச்சந்திரம் கற்திட்டைகளைப் பற்றி எழுதுபவர் போன்றோருக்கு, தமிழ் வலைப்பூக்களின் காலத்தில் திரட்டிகளே, அதாவது பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய தளங்களே, டைரக்டரியாக இருந்தன. 2004ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பிளாக்ஸ்பாட்காரர்களும் வேர்ட்பிரஸ்காரர்களும்தான். யாரும் அவர்களிடம் டொமைன் கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தை நிரப்ப, துறை சார்ந்த சிறு பட்டியல்களைத் தேடி அவற்றை நடத்துபவருக்கு நேரே எழுதுவதுதான் பலன் தரும். விக்கிப்பீடியாவில் தன் வலைப்பூ இணைப்பைத் தானே சொருகுவது வேலைக்காகாது, நீக்கிவிடுவார்கள். நல்ல படம் இருந்தால் விக்கிமீடியா காமன்ஸில் உரிமத்தோடு ஏற்றி, மூலமாகத் தளத்தைக் குறிப்பிடலாம்.

‘நூறு டைரக்டரியில் சேர்த்துத் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் டாட் இன் டொமைனே வாங்கிவிடலாம். தரமற்ற டைரக்டரி இணைப்புகளைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. பதிலுக்கு நம் தளத்தில் இணைப்பு வைக்கச் சொல்லும் டைரக்டரியும் இதே வகைதான்.

பின்னாளில் டொமைன் வாங்கினால்

பிளாக்கரில் சொந்த டொமைனை இணைத்தால், பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை அது தானாகவே புதியதற்குத் திருப்பும். தனிக் கட்டணம் கிடையாது. எனவே டைரக்டரிப் பதிவுகள் உடனே சாகாது. வேர்ட்பிரஸ் டாட் காமில் சொந்த டொமைனுக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். திருப்பல் வேலை செய்கிறதென்று விட்டுவிடாமல், நோட்டில் குறித்த ஒவ்வோர் இடத்திலும் முகவரித் திருத்தம் கேட்பது நல்லது.

முதலாண்டுச் சலுகையில் மலிவாகக் கிடைத்த டொமைனை, இரண்டாம் ஆண்டு விலையைப் பார்த்துப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் பலர். பிளாக்கர் அமைப்பில் அந்த டொமைன் இணைந்தபடியே இருந்தால், பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவரையும் காலாவதியான பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்டத் தளம் வைத்தால், நர்சரியைத் தேடி வருபவர் அங்கேதான் போய் நிற்பார். டைரக்டரியும் அதைப் பார்த்ததும் பதிவை நீக்கும், மறுபடி சேர்ப்பது கடினம். புதுப்பிக்கப்போவதில்லை என்று முடிவெடுத்தால், காலாவதித் தேதிக்கு முன்பே பிளாக்கர் அமைப்புகளில் சொந்த டொமைனை நீக்கிவிட்டு, டைரக்டரிகளில் மறுபடி பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிக்கே மாற்றச் சொல்லி எழுத வேண்டும்.